வெறுந் தேத்தண்ணிச் சட்டம்

போன வாரம் ஜுனைதாவைக் கல்லூரி வாசலில், கக்கத்தில் ஒரு கோப்போடு நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். இன்னும் நிற்க வைத்தால் ஏச்சு நமக்குத்தான் விழும். அவளுடைய வாய் எப்படிப்பட்டது என்று இதுவரை வாசித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்டக் குடியிருந்த குடும்பம் அது. சுனாமி வாப்பா மஜீட்டையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டு போனது. உம்மா லைலாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் மிஞ்சினார்கள். மூத்தவள் ஜுனைதா கல்முனையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளர். இளையவள் ஆதிலாவுக்கு மருதமுனை ஹாதிக்கோடு பேச்சு முற்றாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. இப்போது லீவில் வந்து நிற்கிறான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. ஆதிலாவின் வீடும் உம்மாவின் வளவிலேயே எழும்பி, பூச்சு முடிந்து, நீலப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. கரண்ட் மட்டும் இல்லை. யுத்தம் முடிந்த கையோடு ஊரெல்லாம் வீட்டுத் திட்டம். வயரிங் செய்ய வருவதாகச் சொன்னவன் அந்த வேலைக்குப் போனவன் போனவன்தான். "அவன் வராட்டி என்ன, நானே படிச்சிச் செய்யிறன்" என்று ஆதிலா, ராத்தாவின் கல்லூரியில் மூன்று வார மின்னிணைப்புப் பயிற்சிநெறியில் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தாள். அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அக்காவை ராத்தா என்பது எங்கள் வழக்கம்.

இன்று வியாழன். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாள் குறிக்க வருகிறார்கள். அதற்கு முன், காலையில், குறுங்காலத் தீவிர நெறிகளுக்கென்று ஜுனைதா எழுதிய ஒழுங்குவிதிகள் கல்லூரிச் சபைக்கு வருகின்றன. இனி அவளை உள்ளே விடலாம்.

*

இப்படியொரு சட்டம் ஏன் வேண்டிவந்தது என்று எங்கள் கரையில் யாரும் கேட்கமாட்டார்கள். கடல் வந்து போன பிறகு இங்கே வந்து குவிந்தவை இரண்டு: கூடாரங்கள், பயிற்சிநெறிகள். எந்தத் தொண்டு நிறுவனத்துக்காரர் வந்து இறங்கினாலும் மூன்று நாள் கோர்ஸ். காலையில் தேத்தண்ணியும் கேக்கும், மதியம் சோத்துப் பார்சல், மூன்றாம் நாள் மாலையில் ஒரு பேக்கும் லமினேட் பண்ணிய சேட்டிபிக்கட்டும். தேனீ வளர்ப்பு, மெழுகுதிரி, வியாபார முகாமைத்துவம் என்று வீட்டுக்கு வீடு சேட்டிபிக்கட் சுவரில் தொங்கியது. தேனீயைத்தான் காணவில்லை.

கல்லூரிப் பதிவாளர் சீனிமுகம்மதுவிடமே தையலில் ஒன்று இருக்கிறது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அவருடைய சட்டைக்குப் பட்டன் பிய்ந்தால் இன்றைக்கும் மனைவியைத்தான் கூப்பிடுவார்.

சபையில் அந்தச் சீனிமுகம்மதுதான் முதலில் வாயைத் திறந்தார்.

"மிஸ், எல்லாம் நல்லாத்தான் இரிக்கி. செய்முறைப் பரீட்சை இல்லாம சேட்டிபிக்கட் இல்ல, சரி. சொந்தக் கையால வேல செஞ்ச ஆள்தான் படிப்பிக்கணும், அதுவும் சரி. இந்த ரெண்டு நாள் கதைதான் இறுக்கமாக் கெடக்கு."

ரெண்டு நாள் கதை இதுதான்: இரண்டு நாளுக்கு மேல் வராதவருக்குச் சான்றிதழ் கிடையாது. கல்யாணம், சுன்னத்து, கோயில் திருவிழா, விருந்து எதுவும் காரணமாகக் கொள்ளப்படாது.

"சொந்தக்காரன் வூட்டுக் கலியாணத்துக்குப் போகாம வகுப்புல குந்தி இரிக்கேலுமா மிஸ்?"

"சேர், நம்மட ஊருல ஆருக்கு ஆர் சொந்தமில்ல? ஒருத்தருக்கு விட்டா முழு வகுப்புக்கும் விடணும். மறுகா படிப்பிக்கிறவருக்கும் விடணும். மறுகா எனக்கும் விடணும். போன வருசத்துக் கேக் கோர்ஸை மறந்திட்டீங்களா?"

யாரும் மறக்கவில்லை. கேக் செய்யும் தீவிர நெறியின் நடுவில் நற்பிட்டிமுனையில் ஒரு கல்யாணம். மாணவிகள் போனார்கள், பின்னால் போதனாசிரியையும் போனார். ஓவனுக்குள் இருந்த கேக்கை மட்டும் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. புகையைக் கண்டு வாட்ச்சர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். முடிவில் அத்தனை பேருக்கும் சான்றிதழ் கொடுக்கப்பட்டது.

அதிபர் மசூர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சீனிமுகம்மது விடுகிற ஆள் இல்லை.

"அப்ப நாளைக்கி உங்கட தங்கச்சிக்கே இப்பிடி ஒண்டு வந்தா?"

"என்ட தங்கச்சியெண்டாலும் இதுதான் சேர். ரெண்டு நாளுக்கு மேல வராட்டி சேட்டிபிக்கட் இல்ல. அதையும் குறிச்சிக்கோங்க."

சொல்லி முடித்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. நேர்மையாய்ப் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அன்று காலை அந்தச் சுகத்தை ஜுனைதா வயிறு நிறைய அனுபவித்தாள்.

அடுத்து எழும்பியவர் மின் வேலைப் போதனாசிரியர் கேதீஸ்வரன். காரைதீவுக்காரர். ஆதிலாவின் வகுப்பு அவருடையதுதான்.

"மிஸ், நான் ஒண்டு சொல்லட்டா? வகுப்புல பலகையில வயர் அடிச்சிப் பழகின பொடியன், மெய்யான வீட்டுக் கூரைக்குள்ள ஏறினா அம்மா எண்டு கத்துவான். செய்முறைக்கு வெளியில, கட்டி முடிச்ச வீடொண்டுல போய்ச் செய்ய ஒரு விதி வேணும். முந்தியெண்டா மூணு மணிக்கே பிள்ளைகள பஸ் ஏத்தணும், செக் பொயின்ட்டுல இறக்கி ஏத்துவாங்கள். இப்ப மாவடிப்பள்ளியில இருந்து வாற யசோதினிகூட ஆறு மணி மட்டும் நிண்டு படிக்கிறா. இனி என்னத்துக்குப் பயம்?"

"ஏலா சேர்," என்றாள் ஜுனைதா பட்டென்று.

"ஏன் மிஸ்?"

"வூடெண்டா விருந்து வரும். விருந்து வந்தா வகுப்பு போயிரும்."

அதற்கும் அவளிடம் சாட்சி இருந்தது. முன்பு ஒரு சங்கத் தலைவியின் வீட்டில் கோழி வளர்ப்பு வகுப்பு நடந்தது. கோழியைப் பற்றிப் படித்ததைவிடக் கோழியைத் தின்றதுதான் அதிகம். வகுப்பு முடியும்போது வளர்ப்பதற்கென்று கொண்டுவந்த கோழியும் சட்டிக்குள் போயிருந்தது.

கேதீஸ்வரன் கெஞ்சினார். அதிபர் அவர் பக்கம் சாய்ந்தார். அரை மணி நேரம் இழுபட்டு, ஜுனைதா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். அதைத் தன் கையாலேயே எழுதி, எழும்பி நின்று வாசித்தாள்:

"வெளியிடத்தில் நடைபெறும் வகுப்பில் வெறுந் தேத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர், தவிர்ந்த உணவு எதுவும் வழங்கப்படவோ ஏற்கப்படவோ கூடாது. மீறினால் அன்றைய வகுப்பு எவருடைய வரவிலும் சேர்க்கப்படமாட்டாது."

"சீனி போட்டதா, போடாததா?" என்று கேட்டார் மசூர்.

"போட்டது சேர். நான் என்ன கல்நெஞ்சுக்காரியா?"

சபை சிரித்துக்கொண்டே கை உயர்த்தியது. சீனிமுகம்மதுவின் கையும் கடைசியாக எழும்பியது. "இப்பவே கொழும்புத் தலைமையகத்துக்குப் பெக்ஸ் பண்ணிருவம்," என்று மசூர் தாள்களை அள்ளிக்கொண்டு போனார். சுனாமிக்குப் பிறகு இப்படியொரு நிம்மதியான காலையை ஜுனைதா கண்டதில்லை.

*

வாசலில் மோட்டச் சைக்கிளில் கணவர் மீராசா நின்றார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற மனுசன், இந்த நேரத்தில் இங்கே வரக் காரணமில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"என்னங்க? ஆருக்கும் என்னவுமா?"

"நல்ல செய்திதான். மாப்பிள்ள வூட்டார் வந்திட்டாங்க."

"அசருக்குத்தானே?"

"ஹாதிக்குக்குக் கம்பனியில இருந்து கோல் வந்திட்டாம். லீவக் குறைச்சிட்டாங்களாம். அதான் மாப்பிள்ளட தாய் சல்மா உம்மா பகல் லுஹர் தொழுகைக்கு முந்தியே வேனப் புடிச்சி வந்திட்டா. நாளும் வெச்சாச்சி."

"எப்ப?"

"வாற வியாழன்."

ஜுனைதாவுக்கு உடனே எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. மூன்று வார நெறி. இன்று நாலாம் நாள். நாள் வைத்த பெண் கல்யாணம் முடியும்வரை வீட்டுப் படி இறங்குவதில்லை. எங்கள் ஊரில் அதற்கு எவரும் விலக்குக் கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை.

"உம்மா எப்பிடி ஒத்துக்கிட்டா? கோர்ஸ் இரிக்கிறது தெரியாதா?"

மீராசா தொண்டையைச் செருமினார்.

"கோர்ஸ் முடிஞ்சிட்டெண்டு மாமி சொல்லியிரிக்காங்க."

"முடிஞ்சிட்டா?"

"நேத்து ஆதிலா பேக் கொண்டுவந்தாளே."

ஜுனைதாவுக்கு விளங்கிவிட்டது. நேற்று மாணவர்களுக்கு வேலைக் கருவிப் பை கொடுத்திருந்தார்கள். குறடு, டெஸ்டர், இன்சுலேஷன் டேப் எல்லாம் போட்ட கறுத்தப் பை. உம்மா இத்தனை வருசமாகக் கண்ட கோர்ஸ்களில் மூன்றாம் நாள் பேக் வரும், பேக் வந்தால் கோர்ஸ் முடிந்தது. திங்கள், செவ்வாய், புதன். பேக்கும் வந்தாயிற்று. உம்மாவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"இண்டைக்கிக் காலமயும் ஆதிலா வெளிக்கிட்டுப் போனாளே, அதுக்கு என்ன நெனச்சாவாம்?"

"சேட்டிபிக்கட் எடுக்கப் போறாளெண்டு."

*

வீடு நிறையப் பெண்கள். ஹோலில் பாய் விரித்து, தட்டுத் தட்டாக மஸ்கட், தொதல் என்று இனிப்புகளும் வாழைப்பழமும். கத்தார் செண்டின் மணம் வாசல்வரை அடித்தது. நடுவில் கால் நீட்டி இருந்தவர் சல்மா உம்மா. மருதமுனையில் தறிக் கொட்டில் வைத்து, வேலைக்காரப் பெண்களை ஒற்றைப் பார்வையில் ஓட வைக்கிற மனுசி. "கரண்ட் இல்லாத வூட்டுக்கு என்ட மகன் வரமாட்டான்" என்று மூன்று வாரத்துக்கு முன் சொன்னவரும் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்காக உம்மா எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்று உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாப்பா போன பிறகு இப்படிச் சிரித்ததில்லை. "மகள், எல்லாம் கூடி வந்திட்டு, அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஜுனைதாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அந்த முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது? ஜுனைதா சிரித்துவைத்துவிட்டு நேரே அடுப்படிக் குசினிக்குப் போனாள்.

காலை வகுப்பில் வரவு வைத்த கையோடு ஆதிலாவை ஓட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள். அவள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் வளையல் போல இன்சுலேஷன் டேப் கிடந்தது, கழற்ற மறந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ராத்தா, சட்டம் பாஸாகிட்டா?"

"ஓம் புள்ள."

"ரெண்டு நாள்தானா?"

"ரெண்டு நாள்தான்."

ஆதிலா தலையைக் குனிந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஜுனைதாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஜுனைதா கைப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள்.

"மசூர் சேருக்கு ஒரு கோல் எடுக்கிறன். கலியாணப் பொண்ணுக்கு மட்டும் ஒரு விதிவிலக்குப் போடச் சொல்றன். அவர் மறுக்கமாட்டார்."

"வேணா."

"என்ன புள்ள வேணா? நான் போட்ட சட்டம்தானே, நானே மாத்துறன்."

"மாத்தினா என்ட சேட்டிபிக்கட்டும் சீனிமுகம்மது மாமாட தையல் சேட்டிபிக்கட்டும் ஒண்டுதான் ராத்தா. ஹோலுல மாட்டி வெச்சி நானே சிரிக்கணும்." ஆதிலா டேப்பைக் கையில் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "கடல் வந்த அண்டைக்கி ராவு ஒனக்கு ஞாபகமிரிக்கா? பள்ளிக்கூடத்துல எங்களக் கொண்டுவந்து விட்ட ராவு. எங்கயும் ஒரு லைட் இல்ல. உம்மா ஒவ்வொரு முகமாத் தடவித் தடவி வாப்பாவத் தேடினா. எனக்கெண்டு வாற வூட்டுல முதல் லைட்ட நான்தான் போடணுமெண்டு அப்பயிருந்து நெனச்சிட்டிரிக்கன். களவாப் போட எனக்கு விருப்பமில்ல."

ஜுனைதா போனைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். வயதில் இளையவள், எத்தனையோ நாள் தன் மடியில் தூங்கியவள், இன்று காலையில் சபையில் தான் பேசிய வீரத்தையெல்லாம் ஒரு குசினிக்குள் நின்று தன்னைவிட நன்றாகப் பேசிவிட்டாள். பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. காலையில் அந்த வீரத்துக்கு ஒன்றும் செலவாகவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"சரி. அப்ப என்ன செய்ற?"

"மாமிக்கிட்ட நானே கதைக்கப் போறன்."

"நீயா? நாள் வெச்ச பொண்ணா?"

ஆதிலா அதற்குள் போய்விட்டாள்.

*

ஆதிலா நேரே ஹோலுக்குப் போய் சல்மா உம்மாவுக்கு முன்னால் குந்தினாள். கல்யாணப் பெண் தானாக எழும்பி வந்து மாமியாருக்கு முன்னால் குந்துவது எங்கள் ஊரில் நடக்கிற காரியமில்லை. உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமி, ஒண்டு சொல்லணும். கோர்ஸ் முடியல. மூணு கிழமக் கோர்ஸ். உம்மா பேக்கக் கண்டிட்டு முடிஞ்சிட்டெண்டு நெனச்சிட்டா. ரெண்டு நாளுக்கு மேல போகாட்டி சேட்டிபிக்கட் இல்ல. அந்தச் சட்டத்த எங்கட ராத்தாதான் எழுதின."

எல்லாத் தலையும் ஜுனைதாவைத் திரும்பிப் பார்த்தது. உம்மா பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

"கலியாணத்துக்கு விடமாட்டீங்களா மகள்?" என்று கேட்டார் சல்மா உம்மா.

"இல்ல," என்றாள் ஜுனைதா. "ஆருக்கும் இல்ல."

சல்மா உம்மா வெற்றிலையைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். அவசரமே இல்லை.

"மூணு நாள் சேட்டிபிக்கட்டத் தூக்கிட்டு என்ட தறிக்கி வந்தாளுகள், கொஞ்சப் பேரா? நூல் அறுந்தா முடியத் தெரியா. கேட்டா சேட்டிபிக்கட்டக் காட்றாளுகள். இப்பிடியொரு சட்டம் வரணுமெண்டு எத்தின நாள் நெனச்சிரிப்பன்," என்றவர் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "லைலா, நல்ல புள்ளைகளத்தான் வளத்திரிக்காய்."

உம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ஆனா நாள மாத்தேலா. மகன் போகணும். நாள் வெச்ச பொண்ணு படி இறங்கவும் ஏலா, அதுல நான் விடமாட்டன்." சல்மா உம்மா நிறுத்தினார். ஜன்னலூடாகத் தெரிந்த புது வீட்டைப் பார்த்தார், நீலச் சுவர், லைட் இல்லாத முன்வாசல். "அந்த வூட்டுக்குக் கரண்ட் ஆர் போடப்போறது?"

"ஆள் வரல்ல சம்மந்தி," என்று முனகினாள் உம்மா.

"பொண்ணு படி இறங்கப்படாது. வகுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லயே? வகுப்பு இந்தப் படி ஏறி வந்தா என்ன?"

ஜுனைதாவும் ஜன்னலூடாக அந்த வீட்டைப் பார்த்தாள். காலையில் அரை மணி நேரம் தொண்டை கிழிய எதிர்த்த விதி! கட்டி முடித்த வீடு, வளவுக்குள்ளேயே, படி இறங்கத் தேவையில்லாமல் பின்வாசலோடு பின்வாசல். கல்யாணத்துக்கு வியாழனும் மறுநாள் வெள்ளியும் போனாலும் இரண்டு நாள்தான். சட்டத்தில் ஒரு எழுத்தையும் தொட வேண்டியதில்லை.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே கேதீஸ்வரனுக்குப் போன் எடுத்தாள்.

"சேர், செய்முறைக்கு வூடொண்டு கேட்டீங்களே. எங்கட தங்கச்சிட புது வூடு இரிக்கி. வருவீங்களா?"

"என்ன மிஸ் கேக்கிறீங்க? நாளைக்குக் காலமயே பிள்ளைகளோட வாறம். ஜும்ஆக்கு முந்தி ஹோலுக்குப் பைப் அடிச்சி முடிச்சிரலாம். மெயின் லைனுக்கு நானே நிண்டு செக் பண்ணிக் கையெழுத்து வைப்பன்."

சல்மா உம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். வேனுக்குப் பக்கத்தில் மீராசாவோடு நின்ற ஹாதிக்கைக் கூப்பிட்டார்.

"டேய் ஹாதிக்! ஒனக்கு வரப்போற பொண்ணு ஏணியில ஏறி வயர் இழுக்கப்போறாளாம். ஒனக்குச் சரியா?"

ஹாதிக் ஒரு கணம் வெட்கப்பட்டான். பிறகு ஊருக்கே கேட்கச் சொன்னான்:

"ஏணி புடிக்கிறத்துக்கு ஆள் வேணுமா எண்டு கேளுங்க உம்மா!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆதிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சல்மா உம்மா அவளுடைய கையைப் பிடித்திழுத்து, டேப் வளையலைத் தடவிப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் தன் தங்கக் காப்பைக் கழற்றிப் போட்டார். பிறகு தலையை நிமிர்த்திக் குரவையிட்டார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உம்மாவும் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டாள், ஐந்து வருசமாக அவள் எந்த வீட்டிலும் குரவை போட்டதில்லை. ஜுனைதா சுவரில் சாய்ந்து நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது.

"உம்மா, ஒரு விசயம். வகுப்பு வாறவங்களுக்கு வெறுந் தேத்தண்ணி மட்டும்தான் குடுக்கலாம்."

"என்ன?"

"வேற ஒண்டும் குடுக்கப்படாது. குடுத்தா அண்டைய வகுப்பு கணக்குல வராது. சட்டம்."

உம்மா மகளைப் பார்த்தாள். மெதுவாக எழும்பி நின்றாள்.

"கலியாண வூட்டுப் படி ஏறி வந்த புள்ளைகளுக்கு, நமக்காக வேல செய்ற புள்ளைகளுக்கு, சோறு குடுக்காம அனுப்புறதா? மாவடிப்பள்ளியில இருந்து வயல் விதைப்ப விட்டிட்டு வாறாளெண்டு ஆதிலா சொன்ன அந்தப் புள்ள யசோதினிக்கு வெறும் தேத்தண்ணியா? இத எந்த நாசமறுந்தவன் எழுதின?"

"நான்தான் உம்மா."

ஹோல் மறுபடி சிரித்தது. உம்மா சிரிக்கவில்லை. சல்மா உம்மா மட்டும் ரகசியமாகக் கண்ணைக் காட்டினார்: இதில் நான் தலையிடமாட்டேன்.

"உம்மா, ஆதிலாட சேட்டிபிக்கட் இதுலதான் இரிக்கி. தயவுசெஞ்சி."

"பாப்பம்," என்றாள் உம்மா.

உம்மா பாப்பம் என்று சொன்னால் அதற்கு ஆம் என்று பொருளில்லை. இல்லை என்றும் பொருளில்லை. அவள் பின்வளவுக்கு நடந்தாள்.

ஜுனைதாவின் போன் அடித்தது. அதிபர் மசூர்.

"மிஸ், வாழ்த்துக்கள்! பெக்ஸ் போன கையோட கொழும்புல இருந்து கோல் வந்திட்டு. சட்டம் அவங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கி. எல்லாக் கல்லூரிக்கும் இதையே போடலாமா எண்டு யோசிக்கிறாங்களாம். அதுக்கு முந்தி வெளியிட வகுப்பொண்டத் தாங்களே வந்து பாக்கணுமாம். கேதீஸ்வரன் சொன்னார், முதல் வகுப்பு உங்கட வூட்டுலயாமே?"

"ஓம் சேர். எப்ப வாறாங்க?"

"புதன்கிழமை. நாலு பேர். முக்கியமா அந்த வெறுந் தேத்தண்ணி விதி எப்பிடி நடக்குதெண்டு பாக்கணுமாம்."

புதன்கிழமை. கல்யாணத்துக்கு முதல் நாள். மருதோன்றி போடுகிற நாள். மருதமுனையும் சாய்ந்தமருதும் சேர்ந்து இந்த வளவுக்குள் வந்து இறங்குகிற நாள்.

"சரி சேர், ஒரு பிரச்சினையும்…"

அவள் சொல்லி முடிக்கவில்லை. பின்வளவிலிருந்து உம்மாவின் குரல், குரவை போட்டுத் திறந்த தொண்டையோடு, மதில் தாண்டிப் போனது.

"மீராசா மகன்! புதனுக்கு ஒரு ஆடு காணாது, ரெண்டாச் சொல்லுங்க! வகுப்புப் புள்ளைகளும் இரிக்கி!"

"மிஸ்," என்றார் மசூர். "அங்க என்னவோ ஆடெண்டு கேட்டிச்சே?"

ஜுனைதா போனைக் கையால் பொத்திக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தாள். ஒரு கையில் தங்கக் காப்பும் டேப்புமாக நின்ற ஆதிலாவின் சிரிப்பு, பாதியில் அப்படியே நின்றுவிட்டது.